நயமும் கட்டுரையும்: தரம் 10க்கு வந்திருக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தரம் 10க்கு வந்ததும் தமிழ்ப் பாடத்தில் இரண்டு வேலைகள் பெரிதாகத் தெரியத் தொடங்கும். ஒரு செய்யுளையோ கதையையோ தந்து நயம் எழுதச் சொல்வது ஒன்று. ஒரு தலைப்பைத் தந்து கட்டுரை எழுதச் சொல்வது மற்றது. இரண்டுக்கும் பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடத்தையே நம்புகிறார்கள். அணிகளின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்குகிறார்கள். ரியூசனில் தந்த கட்டுரைகளை அப்படியே பாடமாக்குகிறார்கள். அந்த வழி கொஞ்சத் தூரம்தான் கொண்டுபோகும். "இதில் உவமை அணி வந்துள்ளது" என்று எழுதுவது பதிலின் தொடக்கம் மட்டுமே. அந்த உவமை அந்த அடியில் என்ன செய்கிறது என்று சொன்னால்தான் அது நயம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். போராலும் இடப்பெயர்வாலும் படிப்பை இடையில் விட்டு, இப்போது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எடுக்க நினைக்கும் பெரியவர்களுக்கும் இது உதவும். அவர்களுக்கு வாழ்க்கை அனுபவம் கூட இருக்கிறது. கட்டுரைக்கு அது பெரிய கைமுதல்.

முதலில் ஒரு கொப்பி

கலைச்சொற்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வையுங்கள். அதை ஓசை, அணி, உணர்வு, கதை என்று நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று விடயங்கள் எழுத வேண்டும்: உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி விளக்கம், பாடநூலிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு, நீங்களே உருவாக்கிய ஒரு எடுத்துக்காட்டு. மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அடுத்த நாள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஓசைப் பகுதி சுலபமானது. முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, ஈற்றில் ஒன்றி வந்தால் இயைபு. எதுகையில் ஒரு நுட்பம் இருக்கிறது: முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும். 'கட்டு', 'பட்டு' எதுகை; 'கட்டு', 'பாட்டு' எதுகை ஆகாது, ஏனென்றால் ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். செய்யுளை வாய்விட்டு வாசித்தால் இவை தாமாகவே காதில் விழும். கண்ணால் மட்டும் தேடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

உவமையில் கொஞ்சம் நின்று பார்ப்போம்

நயம் எழுதுவதில் பாதி வேலை உவமையோடுதான். உவமையில் நான்கு உறுப்புகள் உண்டு: சொல்ல வந்த பொருள் உவமேயம், அதை விளக்கக் கொண்டுவந்தது உவமானம், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பொதுத்தன்மை, 'போல', 'அன்ன', 'நிகர்த்த' போன்றவை உவம உருபு. ஒப்புமை எதில் அமையும் என்பதைத் தொல்காப்பியம் நான்காக வகுத்திருக்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம்.

இவற்றுக்கு நம் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டுகள் செய்யலாம். "மணி அடித்ததும் வான் பாயும் குளம்போலப் பிள்ளைகள் வாசலால் வெளியே வந்தார்கள்" என்றால் ஒப்புமை வினையில் இருக்கிறது (வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது). "காலத்து மழைபோல உதவினார்" என்றால் பயனில். "குடைபோல விரிந்த மரம்" வடிவத்தில். "பாலைப்பழம்போல மஞ்சளித்த வானம்" நிறத்தில். நான்கையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள். பிறகு ஒருபோதும் குழம்பாது.

இப்போது ஒரு குறளை எடுத்து, பதில் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.

பலர் எழுதும் பதில் இது: "இக்குறளில் உவமை அணி இடம்பெற்றுள்ளது. நிலம் உவமானம். பொறுப்பவர் உவமேயம். அகழ்வார், இகழ்வார் எதுகை. இது மிகவும் சிறப்பாக உள்ளது." தவறொன்றும் இல்லை. ஆனால் இதை எழுதக் குறளை வாசித்திருக்கவே தேவையில்லை. பெயர்களைப் பொருத்தத் தெரிந்தால் போதும்.

அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனையோ பொறுமையான பொருள்கள் இருக்க, ஏன் நிலம்? அதிலும் ஏன் நடப்பவனைச் சொல்லாமல் அகழ்பவனைச் சொன்னார்? கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விடை கிடைக்கும். வெட்டுகிறவன் அந்தக் குழிக்குள்ளேதான் நிற்கிறான். அவன் மண்வெட்டியால் கொத்துவதும் நிலத்தை. அவன் கால் ஊன்றி நிற்பதும் அதே நிலத்தில். தன்னைக் காயப்படுத்துகிறவனை அந்த நேரத்திலேயே நிலம் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே வள்ளுவர் சொல்லும் பொறுமை, திட்டுகிறவனைக் கண்டு ஒதுங்கிப் போவது மட்டுமில்லை. அவன் விழாமல் தாங்குவதும் அதில் அடங்கும். பிறகு ஓசையைப் பாருங்கள். அகழ்வார், இகழ்வார் இரண்டுக்கும் முதலெழுத்தில் மட்டுமே வித்தியாசம். தோண்டுகிற செயலும் திட்டுகிற செயலும் ஒன்றுதான் என்று காதும் சொல்லிவிடுகிறது. எதுகையும் உவமையும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன.

இந்த இரண்டாவது பதிலை எழுத அதிகப்படியான கலைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. 'ஏன் இது, வேறொன்று இல்லை?' என்ற ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. எந்த அணியைக் கண்டாலும் இதைக் கேளுங்கள்.

குழப்பும் மூன்று

உவமை, எடுத்துக்காட்டு உவமை, பிறிதுமொழிதல் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். பிரிப்பதற்கு வழி எளியது. சொல்ல வந்ததும் உவமானமும் உவம உருபும் மூன்றும் இருந்தால் உவமை. உருபு மறைந்து, மற்ற இரண்டும் தனித்தனி வாக்கியமாக நின்றால் எடுத்துக்காட்டு உவமை. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்பதில் 'போல' இல்லை. ஆனால் எழுத்தும் இருக்கிறது, உலகும் இருக்கிறது. உவமானத்தை மட்டும் சொல்லி, சொல்ல வந்ததை நம்மையே கண்டுபிடிக்க விட்டால் பிறிதுமொழிதல்.

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ்
சால மிகுத்துப் பெயின்.

மயிலிறகு ஏற்றிய வண்டியும், அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும். அவ்வளவுதான் குறளில் இருக்கிறது. பகைவர்கள் எளியவர்களாக இருந்தாலும் பலர் சேர்ந்தால் வலியவனும் தாங்கமாட்டான் என்ற கருத்து வெளியே நிற்கிறது. இங்கும் 'ஏன் மயிலிறகு?' என்று கேட்க வேண்டும். நம் பக்கத்துக் காட்டோரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு பீலியைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே தெரியாது. கல்லைச் சொல்லியிருந்தால் வண்டி முறிவதில் வியப்பில்லை.

மற்ற அணிகளை விரைவாகப் பார்த்துவிடலாம். உருவகம் என்றால் 'போல' இல்லாமல் ஒன்றை மற்றொன்றாகவே ஆக்கிவிடுவது. "பிறவிப் பெருங்கடல்" என்னும்போது பிறவி கடலாகிவிட்டது. அதே குறளில் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டிருப்பதால் அதை ஏகதேச உருவகம் என்பார்கள்: ஒரு பக்கத்தை மட்டும் உருவகித்தது. புகழ்வதுபோலப் பழிப்பது வஞ்சப்புகழ்ச்சி. கயவரைத் தேவருக்கு ஒப்பாக்கிவிட்டு, இருவருமே விரும்பியதைச் செய்து திரிபவர்கள் என்று காரணம் சொல்லும் குறளைத் தேடி வாசியுங்கள். ஒரு தொடர் இரண்டு பொருள் தந்தால் சிலேடை. ஒன்றை அளவுக்கு மிஞ்சி உயர்த்திச் சொன்னால் உயர்வு நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொன்னால் இயல்பு நவிற்சி. தன்மையணி என்றும் சொல்வார்கள்.

தற்குறிப்பேற்றம் மட்டும் தனியே நின்று பார்க்கத் தகுந்தது. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்களுக்கும், முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கும் கண்ணகி கதையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அந்தக் கொடிகள் 'வாரல்' என்று, அதாவது வராதே என்று, கைகாட்டி மறிப்பதுபோல இருந்தன என்கிறார் இளங்கோ. கொடி அசைந்தது காற்றால். ஆனால் உள்ளே என்ன நடக்கப்போகிறது என்பது நமக்குத் தெரியும், அந்த இருவருக்கும் தெரியாது. அணியின் வலி அந்த இடைவெளியில் இருக்கிறது. பதில் எழுதும்போது "கொடி அசைவது இயல்பு, கவிஞர் குறிப்பேற்றினார்" என்று நிறுத்தாமல், இந்த இடைவெளியையும் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

உணர்வும் புதுக்கவிதையும்

உணர்வைப் பற்றி எழுதும்போது "கவிஞர் சோகமாகப் பாடியுள்ளார்" என்று பொதுப்படையாக எழுதுவார்கள். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளைத் தெரிந்துவைத்தால் சொல் கைவசம் இருக்கும்: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). எந்த மெய்ப்பாடு என்று சொல்லிவிட்டு, அதை எழுப்பும் சொல்லைச் செய்யுளிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.

புதுக்கவிதையில் படிமம், குறியீடு, தொனி என்ற மூன்று சொற்கள் அடிக்கடி வரும். பயிற்சிக்காக மூன்று வரி எழுதித் தருகிறேன்.

கூரை இல்லாத வீட்டுக்குள்
பூவரசு ஒன்று வளர்ந்து
யன்னலால் தெருவைப் பார்க்கிறது.

வாசித்ததும் கண்முன் ஒரு காட்சி எழுகிறது, அது படிமம். அந்தக் காட்சியை விரித்துப் பாருங்கள்: மரம் யன்னல் உயரத்துக்கு வளர எத்தனை மழை போயிருக்க வேண்டும்? வீட்டுக்காரர் நெடுங்காலம் வரவில்லை என்று எங்கும் எழுதவில்லை. மரத்தின் உயரம் சொல்லிவிட்டது. 'பார்க்கிறது' என்ற மனிதச் செயலை மரத்துக்கு ஏற்றியிருப்பதால், யாரோ ஒருவர் செய்ய வேண்டிய காத்திருப்பை மரம் செய்கிறது என்றும் எழுதலாம். அப்படிக் காட்சிக்கு அப்பால் ஒரு பொருளைச் சுட்டும்போது அது குறியீடு ஆகிறது. ஆனால் கவனம்: 'பூவரசு என்பது விடுதலையின் குறியீடு' என்று வரிகளில் ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது. குறியீடு என்று சொன்னால் எந்தச் சொல் உங்களை அங்கே கொண்டுபோனது என்று காட்ட வேண்டும். தொனி என்பது குரல். இங்கே அழுகை என்றோ இழப்பு என்றோ ஒரு சொல்லும் இல்லை, அடக்கமான குரல்.

கதைக்குரிய சொற்கள் இதைவிட எளியவை: களம், பாத்திர வார்ப்பு, கதைப்பின்னல், நோக்குநிலை. நோக்குநிலை என்றால் யார் கண்ணால் கதை தெரிகிறது என்பது. 'நான்' என்று ஒரு பாத்திரமே சொல்கிறதா, வெளியில் நின்று ஒருவர் சொல்கிறாரா என்று பாருங்கள். பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது "நல்லவர், இரக்கமுள்ளவர்" என்று குணங்களை அடுக்காமல், ஒவ்வொரு குணத்துக்கும் அவர் செய்த ஒரு செயலைச் சொல்லுங்கள்.

கட்டுரைக்கு வருவோம்

முதல் வேலை தலைப்பை இரண்டு முறை வாசிப்பது. 'எங்கள் ஊர்க் குளம்' என்பது வருணனை. 'நான் ஒரு குளம்' என்பது தற்கூற்று. குளமே பேச வேண்டும். 'குளங்களைப் பாதுகாப்பது யார் பொறுப்பு?' என்பது விவாதம்; நீங்கள் ஒரு பக்கம் நின்று காரணம் சொல்ல வேண்டும். மூன்றிலும் குளம் வருகிறது, ஆனால் மூன்றும் வேறு வேறு கட்டுரைகள். பாடமாக்கிய குளக் கட்டுரையை மூன்றுக்கும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். திருத்துகிறவருக்கு அது முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, குறிப்பு எடுப்பது. ஒரு மணி நேரம் கட்டுரைக்கு ஒதுக்கினால் முதல் பத்து நிமிடம் இதற்கு. நினைவில் வருவதையெல்லாம் ஒழுங்கில்லாமல் எழுதுங்கள். 'எங்கள் ஊர்க் குளம்' என்றால், இரணைமடுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இப்படி எழுதலாம்: கனகராயன் ஆறு, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று எல்லோரும் கேட்பது, வான் பாய்வதைப் பார்க்க வரும் சனம், துருசு (மதகு) திறக்கும் நாள், சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) எத்தனை ஏக்கர் என்று முடிவெடுக்கும் கூட்டம், குளத்து மீன், 2018 டிசம்பர் வெள்ளம், குளக்கட்டில் மாலை நேரம். இதில் சொந்தமாகத் தெரிந்த நான்கை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு வரி எழுதினால் கட்டுரை பட்டியலாகிவிடும்.

பிறகு தொடக்கம். "நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர்" என்று தொடங்காதீர்கள். அந்த வரியில் குறை எதுவும் இல்லை. ஆனால் அதே மண்டபத்தில் இருக்கும் பலர் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். "மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் சந்திக்கும் இருவர் முதலில் கேட்பது, குளம் எத்தனை அடி என்பதுதான்" என்று தொடங்கிப் பாருங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இடம், காலம், மக்கள், தண்ணீர்மேல் அவர்களுக்கு இருக்கும் கவலை நான்கும் வந்துவிட்டன. கொழும்பிலிருந்து எழுதும் பிள்ளைக்கு இந்த வரி கிடைக்காது. வன்னியில் இருப்பதைப் பலர் படிப்புக்குக் குறை என்று நினைக்கிறார்கள். வசதிகளில் குறை இருப்பது உண்மை. கட்டுரைக்குத் தேவையான பொருளில் நமக்கு எந்தக் குறையும் இல்லை.

பந்தியை எப்படி எழுதுவது? ஒரு பந்தியில் ஒரு கருத்து. முதல் வாக்கியம் அதைச் சொல்ல வேண்டும், அடுத்தவை அதை நிரூபிக்க வேண்டும். கீழே உள்ளதைப் பாருங்கள்:

"குளம் விவசாயத்துக்கு மிகவும் முக்கியமானது. விவசாயம் நாட்டின் முதுகெலும்பு. குளத்தில் மீன்களும் உண்டு. குளம் அழகானது. எனவே குளத்தைப் பாதுகாக்க வேண்டும்."

ஐந்து வாக்கியம், ஐந்து கருத்து, எதுவும் வளரவில்லை. முதல் கருத்தை மட்டும் எடுத்து வளர்ப்போம்:

"எங்கள் ஊரில் சிறுபோகத்தை முடிவு செய்வது குளம்தான். காலபோகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் தேங்கிய தண்ணீர் மட்டுமே. அதனால் விதைப்புக்கு முன் விவசாயிகள் கூட்டம் கூடி, இருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று பேசுவார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் ஒவ்வொருவர் பங்கும் குறையும். அந்தக் கூட்டம் முடிந்து வரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே அந்த ஆண்டு எப்படி என்று எனக்குத் தெரியும்."

இதில் ஆறு வாக்கியம், ஆனால் கருத்து ஒன்றுதான். ஒன்று அடுத்ததைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. கடைசி வாக்கியத்தில் ஒரு மனிதர் வருகிறார். ஒவ்வொரு பந்தியிலும் எங்காவது ஒரு மனிதரோ, ஒரு பொருளோ, ஒரு சரியான விபரமோ இருக்கட்டும்.

விபரம் என்றதும் வரலாற்றுத் தலைப்புகள் நினைவுக்கு வருகின்றன. பண்டாரவன்னியனைப் பற்றி எழுதச் சொன்னால் "வீரத்தின் விளைநிலம், சிங்கம் நிகர்த்தவன்" என்று அடைமொழிகளே பக்கத்தை நிரப்பும். கற்சிலைமடுவில் நின்ற கல்லில், கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலேயர் பொறித்திருந்தார்கள். வென்றவர்களே நினைவுக் கல் நாட்டும் அளவுக்கு அந்த எதிரி பெரியவனாக இருந்தான் என்று நீங்கள் எழுதினால், பத்து அடைமொழிகள் செய்யாததை அந்த ஒரு விபரம் செய்யும். ஆண்டும் நாளும் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

விவாதக் கட்டுரையில் எதிர்ப்பக்கத்தை நேர்மையாகச் சொல்வது அவசியம். 'மாணவருக்குக் கைத்தொலைபேசி தேவையா?' என்ற தலைப்பில் தேவை என்று வாதிடுகிறீர்கள் என்று வைப்போம். விளையாட்டிலும் வீடியோவிலும் நேரம் போகிறது என்ற குறையை முதலில் முழுதாக ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்ததையும், போன் இல்லாத, கவரேஜ் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கியதையும் சொல்லுங்கள். எதிர்வாதத்தைக் கேட்டு வந்த வாதத்துக்குப் பலம் கூட.

முடிவுப் பந்தியில் முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். கடைசியாக ஒரு விடயம் மிச்சம் வைத்து, அதைச் சொல்லி நிறுத்துங்கள்.

மொழிப் பிழைகள்

வீட்டில் 'வாறன்', 'போறன்' என்று பேசுவது நம் பேச்சு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுரையின் உரையாடலில் அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதலாம். மற்ற இடங்களில் 'வருகிறேன்', 'போகிறேன்'. பன்மைக்குப் பன்மை முடிவு வேண்டும்: 'மரங்கள் விழுந்தது' பிழை, 'மரங்கள் விழுந்தன' சரி. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பிறகு க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: குளத்தைப் பார்த்தேன், வயலுக்குப் போனேன். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றில் நீங்கள் வழக்கமாகத் தவறும் சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிச் சேர்த்துவாருங்கள். எல்லோருக்கும் அந்தப் பட்டியல் வேறு வேறாக இருக்கும், ஆகவே கடையில் வாங்கும் பட்டியல் உதவாது.

பயிற்சி

வாரத்துக்கு ஒரு நயம், ஒரு கட்டுரை போதும். கட்டுரையை நேரம் வைத்து எழுதுங்கள். எழுதிய அன்றே திருத்தாதீர்கள். மறுநாள் வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். பாடநூல் கிழிந்தோ நனைந்தோ போயிருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாசிக்க ஈழத்துக் கதைகளும் பழைய சஞ்சிகைகளும் வேண்டும் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஊர் வாசிகசாலையில் பத்திரிகை வருகிறதென்றால் ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து, ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி குறித்துப் பாருங்கள்.

முடிந்தால் ஒரு நண்பரோடு கொப்பியை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் நயத்தை வாசித்து, 'சிறப்பாக', 'அழகாக', 'மிக அருமையாக' என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் கோடு போடட்டும். கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, எது அழகு, எந்தச் சொல்லால் அழகு என்று எழுதி அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.